அறியாததைக் கொல்லலாமோ?

மழைக்குப்பின் நம் வீட்டுத் தோட்டத்து அவரைக்கொடியில், கரிய உடலும் செம்மஞ்சள் புள்ளிகளும் முட்போன்ற மயிரும் கொண்ட புழுக்களைக் காண்கிறோம். விகாரமாயிருத்தலால் தீயவை என முடிவு கட்டி நசுக்குகிறோம். அவையோ பொறிவண்டின் இளம்புழுக்கள்; கொடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிகளை உண்டு நமக்கு உதவுபவை.

கொல்லாமை நமது முதற் சீலம். அறியாமையே துன்பத்தின் வேர் என்பது தம்மம். அவ்வேர் நிற்கச் சீலம் நிலைக்குமோ? ஆகவே ஆராய்ந்தறிதலும் சீலத்தின் பகுதியே. தீங்கெனத் தெளிந்தவிடத்தும், அகற்ற வழியிருக்கக் கொல்வானேன்?

பிறப்பொன்றையே கேட்டு நம்மைத் தீண்டத்தகாதோர் எனச் சமூகம் தீர்ப்பளித்தது. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரும் இலட்சக்கணக்கானோரும் தம்மத்தைத் தழுவி அத்தீர்ப்பை உதறினர். ஆராயாத் தீர்ப்பின் கொடுமையை அனுபவித்த நாம், அதனை ஒரு புழுவுக்கும் செய்யலாகாது.