குடவோலையும் அல்காரிதமும்: வாக்காளர் தேர்வு குறித்த ஓர் அறவியல் நோக்கு

வாக்கு என்பது குடிமக்கள் தம் அறிவால் ஆராய்ந்து அளிக்கும் தீர்ப்பாகும். வினைக்குரியாரைத் தேரும் முன் ஆராய்தலை அரசன் கடமையாக்கித் 'தெரிந்துதெளிதல்' எனத் தனியோர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். மக்களாட்சியில் அக்கடமை வாக்காளருக்கு உரியது. ஆயின், ஆராய்தற்குரிய செய்திகளையே சமூக ஊடக அல்காரிதங்கள் தெரிவுசெய்து தரும்போது அத்தெளிவு யாருடையது? இவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சிஞ்ச்வட் காட்டும் சிக்கல்

புணே மாவட்டத் தொழில்நகரான சிஞ்ச்வட், ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட சட்டமன்றத் தொகுதியாகும். 2024 நவம்பர் 20 அன்று மகாராஷ்டிரம் முழுவதையும் போல இங்கும் வாக்குப்பதிவு நடைபெற்றது. அதற்கு முந்தைய நாள், நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலேயின் குரல் எனக் கூறப்பட்ட ஒலிப்பதிவுகள் சமூக ஊடகங்களில் பரவின. அவை போலியானவை என மறுத்த அவர், தேர்தல் ஆணையத்திடம் முறையிட்டார்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பரப்புரைக் கூட்டங்களைத் தடை செய்கிறது. மேடைகள் ஓய்ந்த அந்நேரத்திலும் கைப்பேசிகள் ஓய்வதில்லை. இப்பிரிவை மீறும் பதிவுகளை, ஆணையம் சுட்டிய மூன்று மணி நேரத்திற்குள் நீக்க 2019இல் ஊடக நிறுவனங்கள் தாமே முன்வந்து உடன்பட்டன. பதிவு நீங்கலாம், அது எவருக்கு, ஏன் காட்டப்பட்டது என்பது வாக்காளர் அறியாததாகவே எஞ்சுகிறது.

தாக்கமும் அறமும்

2010ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில், வாக்களிக்கத் தூண்டும் குறிப்பொன்றை முகநூல் ஏறத்தாழ 6 கோடிப் பேருக்குக் காட்டியது. அதனால் சுமார் 3,40,000 வாக்குகள் கூடுதலாகப் பதிவாகியிருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். மாறாக, 2020 அமெரிக்கத் தேர்தலை ஒட்டிய ஆய்வொன்றில், பதிவுகளைக் கால வரிசையில் மூன்று மாதங்கள் காட்டியபோதும் பயனர்களின் அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. எனவே, வாக்காளரை அல்காரிதத்தின் கைப்பாவை எனல் பொருந்தாது.

எனினும், தாக்கத்தின் அளவு அறவினாவைத் தீர்த்துவிடாது. சான்றுகளுள் சிலவற்றை மறைத்து நடுவர்முன் வைப்பவர், தீர்ப்பு மாறாதொழியினும் குற்றமற்றவர் ஆகார்.

குடவோலை உணர்த்துவது

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அம்முறை நிலவுடைமை முதலிய தகுதிகளால் பலரை விலக்கியது என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆயினும் அதன் செயல்முறை வெளிப்படையானது. சபையோர் கூடியிருக்க, குடம் அனைவரும் காணுமாறு உயர்த்தப்பட்டது. உள்ளிருப்பது அறியாச் சிறுவன் ஓலையெடுக்க, அதனைப் பெறுபவர் ஐந்து விரல்களும் விரித்த உள்ளங்கையில் ஏற்றார். அக்கருவிக்குச் சிந்தனை இல்லை, மறைப்பும் இல்லை. அல்காரிதமோ ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடத்தை இருளில் நீட்டுகிறது.

முடிவுரை

பதிவுகளை வரிசைப்படுத்தும் முதன்மை அளவுகோல்களை ஊடகங்கள் வெளியிட வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு டிஜிட்டல் சேவைகள் சட்டம் விதிக்கிறது. அல்காரிதத்தை ஒழித்தல் இயலாது. அதன் கையை விரிக்கச் செய்தல் இயலும். தெரிவுசெய்யும் கருவியைத் தேர்வோர் காண இயலாதவிடத்து, தெரிந்துதெளிதல் என்னும் கடமை நிறைவுறாது என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.