கடன்பட்ட சகோதரனின் வாசலில்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரியது. மனிதன் களைத்துத் திரும்பி அமைதி பெறும் இடமாக வீட்டை ஆக்கித் தந்ததைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹ் திருமறையில் நினைவூட்டுகிறான். பகலெல்லாம் கடையில் நின்று, இரவு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் முகம் கண்டு படுக்கும் நமக்கு அந்த அருளின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீடு கைவிட்டுப் போகும் நிலையில் நம்முள் ஒருவர் நின்றபோது நாம் என்ன செய்தோம்? இம்மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பாயான் லெப்பாஸில் நம்மோடு தோளொட்டி ஸஃப்பில் நின்று தொழும் மளிகை வியாபாரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். நாணயஸ்தர், சங்கத்தின் சந்தாவை ஒரு மாதமும் தவற விட்டவரல்லர். வியாபாரம் சரிந்தது. வீட்டுக்கடன் தவணை முதலில் ஒரு மாதம் நின்றது. பிறகு இரண்டு, மூன்று என்று சேர்ந்தது. பாங்கியிலிருந்து வந்த கடிதங்களை அவர் பிரிக்கவே இல்லை. கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைத்தார். வீட்டு வாசலில் ஏல அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்றுதான் அவர் மனைவிக்கே விஷயம் தெரிந்தது. நமக்கு அதற்கும் பிறகு தெரிந்தது.

வாரந்தோறும் ஜும்ஆவில் அவருக்கு ஸலாம் சொன்னோம். "வியாபாரம் எப்படி?" என்றோம், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், நகர்ந்து விட்டோம். அவ்வளவுதானா? இல்லை. சரக்குப் பாக்கிக்காக அவர் கடைக்குத் தினமும் ஆள் அனுப்பியவர் நம்மவர். ஏலத்தில் அந்த வீட்டுக்கு விலை கேட்டவர்களுள்ளும் நம்மவர் ஒருவர் இருந்தார். இதை எழுதும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது. படிக்கும் உங்களுக்கும் அந்த வெட்கம் வர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

கடனைப் பற்றி நம் மார்க்கம் இரு தரப்பாரிடமும் பேசுகிறது. முதலில் கடன்பட்டவருக்குச் சொல்வதைக் கேட்போம்.

கடன் வாங்குவதே இழிவு என்று மார்க்கம் கூறவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களே மதீனாவில் ஒரு யூதரிடம் தம் போர்க்கவசத்தை ஈடு வைத்து வாற்கோதுமை வாங்கினார்கள். ஆயினும் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள். அதற்குக் காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேச நேர்கிறது, வாக்களித்தால் மீற நேர்கிறது என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். அந்த மளிகை வியாபாரி பொய்யர் அல்லர். கடன் அவரை மறைக்க வைத்தது. மறைத்ததே வீட்டைக் கொண்டு போயிற்று.

எப்படி என்று பாருங்கள். இந்நாட்டில் பாங்கி ஒரே நாளில் வீட்டைப் பறித்து விடுவதில்லை. சில மாதத் தவணை நின்ற பின் கடிதம் வரும். தேசிய நிலச் சட்டப்படி ஈடாகப் பதிவான வீடாயின், பாரம் 16டி என்னும் அறிவிப்பு வரும். பாக்கியைக் கட்ட அதில் பொதுவாக ஒரு மாத அவகாசம் தரப்படும். அதன் பின்பே விற்பனை உத்தரவு கேட்பார்கள். பட்டாவின் வகையைப் பொறுத்து அது உயர்நீதிமன்றத்திலோ நில அலுவலகத்திலோ நடக்கும். உத்தரவு பிறந்த பிறகுங்கூட, ஏலம் முடிவதற்குள் கேட்கப்பட்ட தொகையைச் செலுத்தி வீட்டை மீட்க அதே சட்டம் இடம் தருகிறது. தனிப் பட்டா இன்னும் வராத அடுக்குமாடி வீடுகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே கடன் ஒப்பந்தத்தின் பேரிலேயே, நீதிமன்றம் போகாமல் ஏலம் விட வழியுண்டு. ஆகவே அவகாசமும் குறைவு. இத்தனை கதவுகள் இருந்தும், கடிதத்தைப் பிரிக்காதவருக்கு எல்லாமே மூடிய கதவுகள்தாம்.

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். நான்கு இலட்சம் வெள்ளி மதிப்புள்ள வீடு. கடன் பாக்கி மூன்று இலட்சத்து முப்பதாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏலத்தில் யாரும் கேட்காவிட்டால் அடுத்த ஏலத்தில் ஆரம்ப விலை வழக்கமாகப் பத்து சதவீதம் குறையும்: 360,000. அதற்கும் ஆளில்லையேல் 324,000. அந்த விலைக்குப் போனால் வீடும் போயிற்று. கடனிலும் ஆறாயிரமும் செலவும் வட்டியும் தலைமேல் நிற்கும். அதே மனிதர் முதல் கடிதம் வந்தவுடன் பாங்கிக்குத் தெரிவித்து, தாமே நல்ல விலைக்கு விற்றிருந்தால், கடனடைத்து எழுபதாயிரம் வெள்ளியளவில் மிஞ்சியிருக்கும். செலவு போக உள்ளதைக் கொண்டு சிறு வீடொன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம். வெட்கம் தின்ற பணம் அது.

ஆகவே, கடன் நெருக்கடியில் இருக்கும் சகோதரரே! முதலாவதாக, கடிதத்தைப் பிரியுங்கள். மனைவி மக்களிடம் சொல்லுங்கள். இரண்டாவதாக, பாங்கிக்கு நேரில் சென்று தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ எழுத்து மூலம் கேளுங்கள். மூன்றாவதாக, பேங்க் நெகாரா 2006இல் நிறுவிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிலையத்தை நாடுங்கள். பினாங்கிலும் அதற்கு அலுவலகம் உண்டு. உங்கள் வரவு செலவைப் பார்த்து, பாங்கிகளோடு பேசி, தாங்கக்கூடிய தவணையை வகுத்துத் தருவார்கள். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. வழக்குத் தொடரும் முன் போவதே நலம். நான்காவதாக, சேமநிதியில் பணம் இருந்தால், 2024 மே மாதம் முதல் ‘செஜாத்தெரா’ என்று பெயர் பெற்ற கணக்கிலிருந்து வீட்டுக்கடனைக் குறைக்க எடுக்கலாம். இஸ்லாமிய முறையில் கடன் பெற்றவர்கள் கணக்கை முடிக்கும்போது ‘இப்ரா’ என்னும் தள்ளுபடி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை வழங்குவது பாங்கியின் கடமையாக்கப்பட்டுள்ளது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஒரு தவணையைக் கட்ட உரிமமற்ற வட்டிக்காரனிடம் போகாதீர்கள். வட்டி ஹராம் என்பது ஒருபுறமிருக்க, ஏ.கே.பி.கே. போன்றவர்களாலும் அக்கடனைச் சேர்த்துத் தீர்க்க முடியாது. "வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடு, பிறகு திருப்பித் தருகிறேன்" என்று எவர் சொன்னாலும், எழுதப்படாத பாரம் 14ஏயில் கையொப்பமிடாதீர்கள். அது வீட்டைப் பெயர் மாற்றும் பத்திரம். கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை நிறுத்தவும் கட்டளையிடும் திருவசனமே திருமறையின் மிக நீண்ட வசனம். வெற்றுத் தாளில் கையொப்பமிடுவது அந்தக் கட்டளைக்கு நேர் விரோதமான காரியம்.

இனி, கடன் கொடுத்தவர்களாகிய நம் தரப்புக்கு வருவோம்.

கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் என்பதும், தர்மமாக விட்டு விடுவது அதனினும் மேல் என்பதும் அல்பகறா அத்தியாயத்தின் 280ஆம் வசனத்தின் கருத்து. வட்டியைக் கண்டிக்கும் வசனங்களை அடுத்தே இக்கட்டளை வருகிறது. ‘நான் வட்டி வாங்குவதில்லை’ என்பதோடு நம் பொறுப்பு முடிந்து விடுவதில்லை என்பதை அந்த வரிசையே உணர்த்துகிறது.

ஒரு நாள் மஸ்ஜிதுந் நபவியில் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கடனைக் கேட்டார்கள். இருவர் குரலும் உயர்ந்தது. அறையிலிருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வந்து கஅபை அழைத்து, பாதியை விட்டுக்கொடுக்கும்படி கையால் சைகை காட்டினார்கள். கஅபு அவர்கள் உடனே இசைந்தார்கள். பிறகு கடன்பட்டவரை நோக்கி, எழுந்து சென்று மீதியைச் செலுத்தும்படி பணித்தார்கள். கொடுத்தவர் பாதியை விட்டார்; பட்டவர் மீதியைத் தாமதமின்றிக் கட்ட வேண்டியவரானார். நடுவே நின்று பேச ஒருவர் இருந்ததால் பள்ளிவாசலில் எழுந்த சச்சரவு அங்கேயே தீர்ந்தது.

இன்னொரு நிகழ்ச்சி நம் போன்ற வியாபாரியைப் பற்றியது. பழங்களைக் கொள்முதல் செய்து நஷ்டமடைந்து கடனில் மூழ்கினார் ஒருவர். அவருக்குத் தர்மம் செய்யுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மக்கள் கொடுத்தும் கடனுக்குக் காணவில்லை. உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு ஒன்றுமில்லை என்ற பொருள்பட, கடன் கொடுத்தவர்களுக்குத் தீர்ப்புரைத்தார்கள். இன்றைய ஏலத்துக்குப் பின் எஞ்சும் பாக்கி மனிதனைத் தொடர்ந்து துரத்துகிறது. ஒரு இலட்சம் வெள்ளியை எட்டினால் திவால் வரை போகலாம். நபிகளாரின் தீர்ப்பு எங்கே, இது எங்கே?

பாங்கியின் சட்டத்தை நாம் மாற்ற முடியாது. நம் கடைப் பேரேட்டை மாற்றலாம் அல்லவா? அந்த வியாபாரியின் சரக்குப் பாக்கிக்கு ஆறு மாதம் தவணை கொடுத்திருந்தால், அந்தப் பணம் வீட்டுத் தவணைக்குப் போயிருக்கும். ஏலத்தில் வீடு வாங்குவது கூடாது என்று ஃபத்வா வழங்க நாம் வரவில்லை. ஆனால் விலை கேட்கப் போகும் முன், வீட்டுக்காரர் நமக்குத் தெரிந்தவராயின், அவர் கதவைத் தட்டி "மீட்க வழியிருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்பது ஈமானுக்கு அழகு.

பிற சமூகங்களும் நாடுகளும் இந்தச் சோதனையைக் கண்டிருக்கின்றன. 1930களின் மந்தத்தில் பர்மாவில் நெல் விலை விழ, ஈட்டுக்கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலங்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் கால் பங்கு நிலம் அவ்வாறு போயிற்று. நிலமும் நிலைக்கவில்லை, நேசமும் மிஞ்சவில்லை. 1938இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி மந்திரிசபை விவசாயிகளின் கடனைக் குறைத்துச் சட்டம் இயற்றியது. அமெரிக்க அரசாங்கம் 1933இல் ஒரு நிறுவனம் அமைத்து, ஏலத்தை எதிர்நோக்கிய சுமார் பத்து இலட்சம் வீடுகளின் கடனை நீண்ட தவணைக்கு மாற்றிக் கொடுத்தது. நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தவணை ஆறு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அவகாசம் கொடுத்தால் பெரும்பாலோர் எழுந்து நிற்பர் என்பதை அந்நாட்களில் கண்ணாரக் கண்டோம்.

ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கு வந்தவர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கிருந்த வாடகைக் கட்டுப்பாடு 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து பாதுகாப்பு அற்றுப் போனது. தலைமுறையாய் வாழ்ந்த கடைவீடுகளைக் காலி செய்து பல குடும்பங்கள் வெளியேறின. வீடிழப்பது எப்படியிருக்கும் என்று அறிந்த சமுதாயம் நாம். அறிந்தவர்களே பாராமுகமாய் இருக்கலாமா?

எனவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, நம்பத்தக்க மூவர் கொண்ட குழு. யார் கடிதத்தோடு வந்தாலும் இரகசியம் காத்து, கணக்கைப் படித்து, பாங்கிக்கும் ஏ.கே.பி.கே.க்கும் உடன் செல்ல வேண்டும். சரக்குப் பாக்கிக்காரர்களையும் அழைத்து, கஅபு அவர்களுக்குச் சொல்லப்பட்டதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கர்ளன் ஹஸனா நிதி. ஓரிரு தவணைக்கு வட்டியின்றிக் கைமாற்று. இது ஏலச்சீட்டு அன்று; கூட்டுச் சீட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஸகாத்தும் அன்று, அனுமதியின்றி அதை வசூலிக்கச் சங்கத்துக்கு உரிமையில்லை. ஸதகாவாக மனமுவந்து தருவதே இந்நிதி. மூன்றாவது, ஸகாத் பெறும் எண்வகையாரில் கடனில் மூழ்கியோரும் உள்ளனர். தகுதியுள்ளவர்கள் மாநில ஸகாத் நிலையத்துக்கு விண்ணப்பிக்கக் குழு உதவ வேண்டும்.

கணக்கு மட்டும் கண்ணாடி போல் இருக்க வேண்டும். நம் முன்னோர் பினாங்கில் வீடும் நிலமும் வக்ஃபு செய்து சென்றனர். நிர்வாகம் சீர்கெட்டதால் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கமே ஒரு வாரியம் அமைத்து அவற்றை மேற்பார்க்க நேர்ந்தது. அந்தப் பாடம் நமக்கு ஒருமுறை போதும்.

மக்களுக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி ஒருவர், கஷ்டப்படுபவரைக் கண்டால் விட்டுவிடும்படி தம் பணியாளிடம் சொல்லி வந்தார்; அதன் பொருட்டு அல்லாஹ் அவரைப் பொறுத்துக்கொண்டான் என்று ஹதீஸில் காண்கிறோம். நாளை மஹ்ஷரில் நம் பேரேடும் திறக்கப்படும். அதில் தள்ளுபடி வேண்டாதவர் எவரேனும் நம்மில் உண்டா?

இவ்வெள்ளியன்று ஸலாம் சொல்லும்போது சற்று நின்று கேளுங்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்பவரின் கண்ணையும் பாருங்கள்.

யா அல்லாஹ்! கடன்பட்டோரின் சுமையை இலேசாக்குவாயாக! எங்கள் வீடுகளை அமைதியின் இல்லங்களாக்குவாயாக! பிறர் கஷ்டத்தில் இலாபம் தேடும் மனத்தை எங்களிலிருந்து அகற்றுவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.