கண்ணாடிப் பெட்டியும் தெருவும்

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் ‘அசல்’ என்ற சொல்லைச் சாமி மாதிரிக் கும்பிடுவார்கள். கம்பெனியை விட்டு இறங்கினப்ப என்ன பெயிண்டோ, என்ன சீட்டோ, அதேதான் வேணும். ஒன்று மாறினாலும் மதிப்பு போச்சு. ‘அசல்’, ‘கலப்பு’ என்று யார் பேசினாலும் எனக்குச் சந்தேகம் வந்துரும். அந்தச் சொற்களை வைத்து மனுசரையே தரம் பிரித்த சமூகத்தில் பிறந்தவன் நான்.

‘ஜிப்ஸி ரோஸ்’ என்று ஒரு கார். 1964ஆம் வருசத்து செவர்லே இம்பாலா. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோ வம்சாவளி மக்களின் ‘இம்பீரியல்ஸ்’ கார் சங்கத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாடெஸ் உருவாக்கியது. இளஞ்சிவப்பு உடம்பு முழுக்கக் கையால் வரைந்த ரோஜாக்கள். உள்ளே வெல்வெட் இருக்கை, சரவிளக்கு. இதே பெயரில் முதலில் இருந்த 1963 இம்பாலாவை விஷமிகள் நாசம் பண்ணிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தது இது. இதை ‘அசலாக’ப் பாதுகாப்பது என்றால் எதைப் பாதுகாப்பது? கம்பெனி செய்த இம்பாலாக்கள் எத்தனையோ உண்டு. கம்பெனி வேலையை மீறின கைவேலைதான் இதற்கு அசல்.

காரைத் தரையொட்டத் தாழ்த்தி, நாலு பேர் பார்க்க மெல்ல ஊர்ந்து போவது அந்த மக்களின் வழக்கம். ‘லோரைடர்’ என்பார்கள். சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று 1958இல் கலிபோர்னியா சட்டம் போட்டது. மறுவருசமே ரான் அகிரே என்பவர் விமானத்தின் ஹைட்ராலிக் கருவிகளைத் தன் கார்வெட்டில் மாட்டினார். சுவிட்சைத் தட்டினால் வண்டி எழும்பும், இறங்கும். போலீஸ் வந்தால் சட்டம் சொன்ன உயரம். போனதும் தன் உயரம். பிறகு பல ஊர்களில், இப்படிச் சுற்றிவருவதற்கே தடை வந்தது. நேஷனல் சிட்டியில் 1992இல் வந்தது.

2017 ஏப்ரலில் ஜிப்ஸி ரோஸை வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தினார்கள். தேசிய வரலாற்று வாகனப் பட்டியலிலும் ஏற்றினார்கள். 2011இல் செத்துப்போன வலாடெஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. அந்த நாளிலும் கலிபோர்னியாவின் தடைச் சட்டம் அப்படியே கிடந்தது. அது ஒழிந்தது 2024 ஜனவரி 1இல்தான். பொருளுக்கு ஆராதனை, அதே மாதிரி வண்டியைத் தெருவில் ஓட்டினவனுக்கு அபராதம்.

அங்கீகாரமே வேணாம் என்று நான் சொல்லலை. அந்தப் பட்டியலில் ஏறியது, தடையை எதிர்த்தவர்கள் கையில் ஒரு சாட்சி. ஆனா கண்ணாடிக்குள் நிற்கிற கார் யாருக்கும் தொந்தரவு கொடுக்காது. தெருவில் மெதுவாகப் போகிற கார்தான், ‘இந்தத் தெரு யாருடையது?’ என்று கேட்கும். அந்தக் கேள்வி நமக்குப் புதுசா என்ன?

நம் கைவேலையைப் ‘பாரம்பரியம்’ என்று கொண்டாட யார் வந்தாலும் வரட்டும். அந்தக் கை உள்ள ஆள் தெருவில் நிமிர்ந்து போக விடுவார்களா என்பதை முதலில் கேட்போம். பதில் வந்த பிறகு பொன்னாடையைப் பற்றிப் பேசலாம்.