பயன் தோன்றுமுன் மதிப்பிடுதல் தகுமா?

ஆசிரியப் பெருமக்காள்! வித்திட்ட மறுநாளே விளைவை அளத்தற்கு மரக்காலோடு வயலுக்குப் போகும் உழவன் ஒருவன் உளனாயின், ஊரார் அவனைப் பார்த்து நகையாதிரார். இக்காலத்துச் சர்வகலாசாலைகள் பலவற்றிலே ஆராய்ச்சியாளரை மதிக்கும் முறையோ ஏறக்குறைய அத்தன்மைத்தாயிருக்கின்றது. இது தகுமா என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும். என்னை? மதிப்பிடுதலே நமக்கும் நாடோறும் தொழிலாயிருத்தலின்.

அங்கேரி நாட்டிலே 1955ஆம் ஆண்டு இறைச்சி வியாபாரி ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர் கத்தலின் கரிக்கோ என்னும் அம்மையார். செகெத் சர்வகலாசாலையிலே கற்று, அங்கே தம் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி அற்றுப்போகவே, 1985இல் கணவரோடும் இரண்டு வயதுக் குழந்தையோடும் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றார். மோட்டார் வண்டியை விற்ற பணத்தைக் குழந்தையின் கரடிப்பொம்மைக்குள் மறைத்துத் தைத்துக் கொண்டுபோனார் என்பர். (அக்குழந்தை பின்னாளிலே ஒலிம்பிக் படகோட்டத்தில் இருமுறை பொற்பதக்கம் பெற்றமை இடைப்பிறவரலாய்ச் சொல்லத்தக்கது.) 1989இல் பென்சில்வேனியாச் சர்வகலாசாலையில் அமர்ந்தார்.

அவர் பற்றிக்கொண்ட பொருள் தூது ஆர்.என்.ஏ. என்பது. கலத்தின் கருவிலே டி.என்.ஏ. வடிவாக எழுதப்பட்டுள்ள செய்தியைப் படியெடுத்து, கருவுக்குப் புறத்தேயுள்ள இரைபோசோமிடம் சேர்ப்பது அது. இரைபோசோம் அச்செய்தியின்படி புரதத்தை ஆக்கும். தூதும் சிறிது காலத்தில் அழிந்துபோம். ஆகவே, வேண்டிய புரதத்துக்குரிய தூதை நாமே இயற்றி உடம்பினுட் செலுத்துவோமாயின், உடம்பே அப்புரதத்தை ஆக்கிக்கொள்ளும் என்பது அம்மையார் கொண்ட துணிபு. ஆனால், புறத்தேயிருந்து வந்த தூதை உடம்பு பகையெனக் கொண்டு அழற்சியை உண்டாக்கிற்று. இத்தடை நீங்குமென நம்பினோர் மிகச் சிலர். பொருளுதவி வேண்டி அவர் விடுத்த விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மறுக்கப்பட்டன. பணங்கொணராத ஆராய்ச்சியாளர் வேண்டப்படாதவரன்றோ? 1995ஆம் ஆண்டிலே அவர் பதவியிற் தாழ்த்தப்பட்டார்.

பிறராயின் விலகியிருப்பர். அவர் விலகவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், நிழற்பிரதி இயந்திரத்தின் அருகே, துரூ வைஸ்மன் என்னும் நிர்ப்பீடனவியலாரோடு அவருக்குப் பழக்கம் உண்டாயிற்று. தூதின் உறுப்புக்களுள் ஒன்றாகிய யூரிடினைச் சிறிது மாற்றியமைப்பின் உடம்பின் சீற்றம் தணியும் என்பதை இருவரும் கண்டு 2005இல் வெளியிட்டனர். உலகம் அப்பொழுதும் பெரிதாக நோக்கவில்லை. 2013இல் அம்மையார் ஜேர்மனியக் கம்பனியொன்றிலே சேர்ந்தார். 2020ஆம் ஆண்டின் இறுதியிலே அம்முறையைத் தழுவிய கொவிட் தடுப்பூசிகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டிலே நம் மாணவர் பலரும் தம் தோளில் ஏற்றுக்கொண்டது அவற்றுள் ஒன்றே. 2023இல் அவ்விருவருக்கும் நோபற் பரிசு கிடைத்தது. பணங்கொணரவில்லையென்று அவரைத் தாழ்த்திய அதே சர்வகலாசாலைக்கு, அக்கண்டுபிடிப்பின் உரிமையாற் பெரும்பொருள் வந்து சேர்ந்தது!

எடின்பரோச் சர்வகலாசாலைப் பேராசிரியர் பீற்றர் ஹிக்ஸ் 1964இலே தாளிற் கணித்த துகளை, 2012இல் ஜெனீவாவுக்கு அருகேயுள்ள பேராய்வுகூடம் கண்டறிந்தது. மறுவருடம் பரிசு பெற்ற அவர், கட்டுரைத் தொகையை எண்ணி ஆளை மதிக்கும் இக்காலத்திலே தமக்கு வேலை கிடைத்திராதென்று தாமே கூறினார். அவரைப் பற்றி இவ்வளவே சாலும்.

இனி, ஒருசாரார் ஆசங்கிப்பர்: “கரிக்கோ ஒருவர் வென்றார். அவரைப்போலவே பிடிவாதமாய் நின்று யாதொன்றும் காணாதொழிந்தோர் எத்துணையர்? ஏழைகளின் வரிப்பணத்தை அவர்கள்மேற் கணக்கின்றிச் செலவிடுதல் அறமாகுமா?” இவ்வாசங்கை வலியது. வென்றோர் சரித்திரத்தை மாத்திரம் எடுத்தோதி இதனைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. யான் மிஷன் பாடசாலையிலே கற்ற காலத்தில் தாலந்து உவமையைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். கொடுத்த பொருளைப் பெருக்கிய ஊழியர் புகழப்பட்டனர், புதைத்துவைத்தவன் தள்ளுண்டான். கணக்குக் கேட்டல் தவறென்று அக்கதை சொல்லவில்லை. ஆனால் எசமான் திரும்பிவந்து கணக்குக் கேட்டது நெடுங்காலங் கழித்தே என்பதையும், தள்ளுண்டவன் உழையாதவனே என்பதையும் எங்கள் உபாத்தியாயர் அழுத்திச் சொன்னாரல்லர்.

1995இல் அளக்கப்பட்டது யாது? அம்மையாரின் பரிசோதனைகள் செவ்விதாக நடந்தனவா, கேள்வி பொருளுடையதா, பிழை நேர்ந்தவிடத்து அதனை ஒளியாது ஒப்புக்கொண்டாரா என்பவை அன்றே பார்த்தறியக்கூடியன. பயனோ எவராலும் அன்று அறியக்கூடியதன்று. அறியக்கூடியவற்றைப் பின்னே தள்ளி, வந்து சேர்ந்த பணத்தையே பயனுக்குப் பிரதியாக வைத்து அளந்தனர். செலவுக்கு வரம்பிடுதல் வேண்டும். அவ்வரம்பினுள்ளே செம்மையாய் உழைப்போருக்குக் காலமும் கொடுத்தல் வேண்டும் என்பதே யான் கொள்ளும் முடிபு. அவருட் பலர் வெறுங்கையோடு நிற்பர். அவ்விழப்பு கல்விக்குரிய செலவேயாம்.

இந்நோய் சர்வகலாசாலைக்கு மாத்திரம் உரியதென்று எண்ணற்க. பரீட்சைப் பேற்றுக்கேற்பப் பாடசாலைக்கு நன்கொடை அளிக்கும் முறை 1862இல் இங்கிலாந்திலே புகுந்தது. பின்னர் இலங்கைக்கும் வந்தது. பரிசோதகர் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் பாடத்தை உருப்போட்டனர். அம்முறை ஒழிந்து நெடுங்காலமாயிற்று. நம் நெஞ்சினின்றும் ஒழிந்ததோ?

யான் குற்றமற்றவனல்லேன். பல்லாண்டுகளுக்கு முன் என் வகுப்பிலிருந்த மாணவன் ஒருவன், கேத்திரகணிதத்திலே புத்தகத்திலுள்ள நிறுவலை விடுத்துத் தன் வழியே முயல்வான். நேரம் போதாமையாற் பாதியிலே நிற்பான். சாதாரணதரப் பரீட்சை நெருங்கிற்று. வகுப்பின் பெறுபேறு குறைந்துவிடுமென்னும் அச்சத்தால் அவனைப் பின்வாங்கிலே இருத்தி, தேர்ச்சியறிக்கையில் “முயற்சி போதாது” என்றெழுதினேன். முயற்சி ஒன்றே அவனிடம் மிகுதியாயிருந்தது. அறிக்கையைக் கண்ட தந்தையார் அவனைப் பலசரக்குக் கடையொன்றில் வேலைக்கு விட்டார்.

சில மாதங்களின் பின் அக்கடைக்குச் சீனி வாங்கப் போனேன். “சேர், அந்த வட்டக் கணக்கு நான் செய்த வழியாலும் வரும்” என்று சொல்லி, சரை சுற்றும் கடதாசியிலே வரைந்து காட்டினான். ஈற்றுவரி வரையும் பார்த்தேன். சரியாகவே இருந்தது. பின்பு அக்கடதாசியிலேயே சீனியைச் சுற்றி என் கையிலே தந்தான்.