புழு போன பிறகும் நிற்கும் விலக்கு

போர்க் சாப் வறண்டு போவதற்குச் சமைப்பவரின் கைப்பக்குவம் மட்டும் காரணமல்ல. ஒரு புழுவின் மேலிருந்த பயமும் காரணம். எலும்போடு வெட்டிய பன்றிக்கறித் துண்டை உப்புநீரில் ஊறவைத்து, மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, பிரெட் தூள் ஒற்றிப் பொரித்தால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே சாறுமாக வரவேண்டும். அமெரிக்க வீடுகளில் பல தலைமுறைகளாக அது அப்படி வரவில்லை. துளி இளஞ்சிவப்பு தெரிந்தாலும் ஆபத்து என்று நம்பிக் கறியைக் கட்டையாகும்வரை வேகவிட்டார்கள். அரசும் 71 டிகிரி செல்சியஸ் என்று சொல்லி வந்தது. 2011-ல் அமெரிக்க வேளாண் துறை அந்த அளவைத் தளர்த்தியது. முழுத் துண்டுக் கறியின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டினால் போதும். அடுப்பிலிருந்து இறக்கி மூன்று நிமிடம் வைத்திருந்து சாப்பிடலாம். கொத்துக்கறிக்கு மட்டும் பழைய 71 நீடிக்கிறது.

அந்தப் புழுவின் பெயர் டிரிக்கினெல்லா. 1835-ல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் முதலாண்டு மாணவராக இருந்த ஜேம்ஸ் பேஜட், அறுத்துப் பார்த்த பிணத்தின் தசையில் வெண்புள்ளிகளாகத் தெரிந்த இந்தப் புழுவைக் கவனித்தார். 1860-ல் ஜெர்மன் மருத்துவர் ஃப்ரீட்ரிக் ஸெங்கர், இளம்பெண் ஒருத்தி இறந்தது பன்றிக்கறி வழியே வந்த இந்தப் புழுவால்தான் என்று காட்டினார். அதிலிருந்து ஒரு விளக்கம் வேரூன்றிவிட்டது. மோசேயின் சட்டமும் குர்ஆனும் பன்றியை விலக்கியது இந்த நோய்க்குப் பயந்துதான் என்பது அந்த விளக்கம்.

இந்த மாதிரிப் பேச்சு தமிழருக்குப் பழக்கமானது. வாசலில் சாணம் தெளிப்பது கிருமிநாசினி, கோயிலைச் சுற்றுவது உடற்பயிற்சி, முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்று நாமும் சொல்கிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் நோய்தான் காரணம் என்றால், நோய் போனதும் விலக்கும் போகவேண்டும். சமையலறையில் ஒரு வெப்பமானி இருந்தால், மோசேயின் சட்டத்தில் பன்றியை விலக்கும் லேவியர் ஆகமத்தின் பதினோராம் அதிகாரம் காலாவதி ஆகிவிடும்.

யூதர்களும் முஸ்லிம்களும் ஏன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை?

லேவியர் ஆகமத்தைப் படித்துப் பார்த்தால் அங்கே நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. குளம்பு பிளவுபட்டிருக்க வேண்டும், அசைபோட வேண்டும் என்று இரண்டு அடையாளங்கள் மட்டும் உண்டு. பன்றிக்குக் குளம்பு பிளவுபட்டிருக்கிறது, அசைபோடுவதில்லை. அதே பட்டியலில் ஒட்டகமும் முயலும் விலக்கப்படுகின்றன. செதிலும் துடுப்பும் இல்லாத நீர்வாழ் உயிர்கள் எல்லாமே விலக்கு, இறால் உட்பட. அனுமதிக்கப்பட்ட ஆடுமாடுகளிலிருந்தும் மனிதனுக்கு ஆந்த்ராக்ஸ் வரும் என்பதை எண்ணினால் நோய்க் கணக்கு இன்னும் இடிக்கிறது. மானிடவியலாளர்கள் வேறு வழிகளில் தேடினார்கள். எந்த வகையிலும் முழுதாக அடங்காத விலங்கு என்பதால் விலக்கினார்கள் என்றார் மேரி டக்ளஸ், 1966-ல். பின்னாளில் அவரே அந்த விளக்கத்தை மாற்றிக்கொண்டார். நிழலும் நீரும் குறைந்த நாட்டில் பன்றி வளர்ப்பு கட்டுப்படியாகாது என்றார் மார்வின் ஹாரிஸ், 1974-ல்.

இந்தச் சண்டை யூத மரபுக்குள்ளேயே நடந்திருக்கிறது. எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து 1204-ல் இறந்த பேரறிஞர் மைமோனிடிஸ் உடல்நலக் கட்சிக்காரர். பன்றிக்கறியில் தேவைக்கு மேல் ஈரம் இருக்கிறது, பன்றியின் பழக்கமும் தீனியும் அருவருப்பானவை என்று எழுதினார். இன்றைய சமையல்காரர் ஆசைப்படும் அதே ஈரம் அவருக்குக் குறையாகப் பட்டது. சுமார் மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, லிஸ்பனில் பிறந்து 1492-ல் ஸ்பெயினை விட்டு வெளியேற நேர்ந்த யூத அறிஞர் ஐசக் அபர்பனேல் இந்த வாதத்தைக் கடுமையாக மறுத்தார். பன்றி தின்னும் மக்கள் கண்ணெதிரே திடமாக உலவுகிறார்களே என்று கேட்டார். நோய்தான் காரணம் என்றால் இறைவனின் நூல் ஒரு சின்ன மருத்துவக் கையேடாகச் சுருங்கிவிடும் என்றார்.

அபர்பனேல் சொன்னதுதான் சரி. அதற்குச் சான்று அவருக்கும் வெகுகாலம் முன்பே இருக்கிறது. லேவியர் ஆகமத்துக்கான பழைய உரையான சிஃப்ராவில் ரப்பி எலாசர் பென் அசரியா சொன்னதாக ஒரு கருத்து வருகிறது: பன்றிக்கறி எனக்குப் பிடிக்காது என்று ஒருவன் சொல்லக்கூடாது, ஆசைதான், ஆனால் வானகத் தந்தை வேண்டாமென்று விதித்திருக்கிறாரே என்றுதான் சொல்லவேண்டும். இதில் கறியின் மேல் ஒரு பழியும் இல்லை. கறி ருசியானது என்பதை ஒப்புக்கொண்டு விலகுவதுதான் இங்கே வழிபாடு. அழுகிய உணவைத் தள்ளுவதற்கு நம்பிக்கை எதற்கு? மூக்கே போதும்.

யூதச் சட்டத் தொகுப்பான தால்முத்தின் யோமா பகுதியில் இன்னும் நெகிழ வைக்கும் ஓர் இடம் உண்டு. கர்ப்பிணி ஒருத்திக்குப் பன்றிக்கறியின் வாசனை பட்டு ஆசை பொங்கினால் என்ன செய்வது? மசக்கை ஆசை தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தாகலாம் என்று அன்று கருதினார்கள். முதலில் ஒரு குச்சியைக் கறிச்சாற்றில் தோய்த்து அவள் வாயில் வைக்கவேண்டும். மனம் அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால் சாற்றையே கொடுக்கவேண்டும். அதிலும் அடங்காவிட்டால் கொழுப்பையே ஊட்டவேண்டும். உயிரைக் காப்பதற்காகச் சட்டம் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறது. குர்ஆனும் பன்றியை நான்கு இடங்களில் விலக்கி, அந்த இடங்களிலெல்லாம் நிர்ப்பந்தத்தில் இருப்பவருக்குச் சலுகை அளிக்கிறது.

ஆனால் மதத்தையே ஒடுக்க வரும் மிரட்டலுக்கு முன்னால் யூத மரபு இறங்குவதில்லை. மக்கபேயர் இரண்டாம் நூலில் வரும் எலயாசருக்கு வயது தொண்ணூறு. நான்காம் அந்தியோக்கு மன்னன் யூத வழக்கங்களை ஒடுக்கிய காலம், கி.மு. 167-ஐ ஒட்டியது. முதியவரின் வாயைத் திறந்து பன்றிக்கறியைத் திணித்தார்கள், துப்பிவிட்டார். பழகியவர்கள் இரக்கப்பட்டு, உமக்கு ஆகுமான கறியையே கொண்டுவந்து பன்றி தின்பதுபோல நடியும் என்றார்கள். அவர் உண்ணும் கறியில் அப்போது எந்தத் தீட்டும் இருந்திருக்காது. ஆனாலும் மறுத்தார். தொண்ணூறு வயதில் அவர் மதம் மாறிவிட்டார் என்று இளைஞர்கள் நம்பிவிடுவார்கள் என்பதே அவர் சொன்ன காரணம். அடித்தே கொன்றார்கள். கத்தோலிக்கரின் விவிலியத்தில் இந்தக் கதை இன்றும் இருக்கிறது. திருத்தூதர் பணிகள் பத்தாம் அதிகாரத்தில் பேதுரு கண்ட, உணவு விலக்கு நீங்கும் காட்சிக்குப் பிறகு பன்றியைத் தடையின்றி உண்ணும் அவர்களும் எலயாசரைச் சான்றாகப் போற்றுகிறார்கள். தட்டில் இருந்த கறிக்காக அவர் சாகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

விலக்கைக் காப்பதற்காக ருசியை இழக்க வேண்டியதில்லை. மத்திய ஐரோப்பாவிலிருந்து இஸ்ரேலுக்குப் போன யூதர்கள், பிரெட் தூள் பூசிப் பொரிக்கும் ஷ்னிட்ஸல் என்ற இறைச்சித் துண்டை விட்டுவிடவில்லை. கோழி அல்லது வான்கோழி நெஞ்சுக்கறியை அதே மாதிரி முட்டையில் தோய்த்து, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயில் பொரித்தார்கள். இறைச்சியையும் பாற்பொருளையும் அவர்கள் சேர்ப்பதில்லை. இன்று அங்கே அது வீட்டுக்கு வீடு குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடும் உணவு.

வீட்டில் போர்க் சாப் பொரிக்கிறவர்கள் 63 டிகிரியை நம்பிப் பொரிக்கலாம். அன்று விருந்துக்கு முஸ்லிம் நண்பரோ யூத நண்பரோ வருகிறார் என்றால் புழு செத்துவிட்டது என்று அவரிடம் வாதாட வேண்டாம். அவருக்கு உண்ணத் தகுந்த கறி எது, எந்தக் கடையில் வாங்குவது என்று முன்னாலேயே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பன்றி பொரித்த எண்ணெயில் அதைப் போடாதீர்கள். சட்டி, கரண்டி, எண்ணெய் மூன்றும் வேறாக இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் பரிமாறும் முன்பே சொல்லிவிடுங்கள்.