காலம் காட்டாத பெயர்

டில்லி போலீஸில் குமாஸ்தா வேலை பார்க்கும் ஹெட் கான்ஸ்டபிள் பதவிக்கு 1999ல் விண்ணப்பித்த ஓர் இளைஞன், குற்ற வழக்கு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினான். ஒரு வழக்கு இருந்தது. இருபது வயதுவாக்கில் நடந்த அடிதடி. 1998ல் சமாதானமாகி விடுதலையும் கிடைத்துவிட்டது. தேர்வான பின் நிரப்பிய இன்னொரு படிவத்தில் அவனே அதைச் சொன்னான். முதலில் மறைத்ததற்காக வேலை மறுக்கப்பட்டது. 2011ல் அவன் பக்கம் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, விக்டர் ஹ்யூகோவின் ழான் வல்ழானை நினைவுகூர்ந்தார். பசிக்கு ரொட்டி திருடியவனுக்கு ஆயுள் முழுக்கத் திருடன் என்ற முத்திரை.

நல்ல தீர்ப்புதான். ஆனால் நாவலை வாசித்தவன் என்ற முறையில், நீதிபதி புரட்டியது வேறு பக்கம் என்று எனக்குப் படுகிறது. கோர்ட்டின் முன் இருந்த பிரச்னை ரொட்டி அல்ல, மறைத்தது. நாவலின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பது வருஷச் சிறைக்குப்பின் வெளியே வரும் வல்ழானிடம் மஞ்சள் நிற அடையாளச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதைக் காட்டினால் சத்திரத்தில் சோறில்லை, படுக்க இடமில்லை. அதை மறைத்து, மதலேன் என்ற பெயரைப் போட்டுக்கொண்டபின்தான் அவன் தொழிற்சாலை நடத்துகிறான், மேயராகிறான், ஓர் ஊருக்கே வேலை கொடுக்கிறான். ஹ்யூகோ இதோடும் விடவில்லை. அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஃபான்தீனின் முன்கதையை ஒரு கிழவி மெனக்கெட்டுப் பயணம் போய் விசாரித்துவர, அவளுக்கு வேலை போகிறது. முதலாளிக்கு அது தெரியவும் தெரியாது. ஸ்தாபனத்தின் இயல்பு அது. தலைவன் மஞ்சள் சீட்டுக்காரனாக இருந்தாலும் அது சீட்டுக் கேட்கும்.

மறைத்தவர்களை என்ன செய்வது என்பதில் கோர்ட்டுகள் வேறு வேறு விதமாகச் சொல்லிவந்ததால், 2016ல் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் நெறிமுறை வகுத்தார்கள். அற்ப வழக்கை மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தாலும், வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. தள்ளுவது குற்றத்துக்காக அல்ல, பொய்க்காக என்று வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் இந்த இடத்தில் பலவீனப்படுகிறது. நேர்மைக்கான விலை முழுவதையும் பதில் சொல்பவனே கட்டுகிறான். கேட்பவர் பணயம் வைப்பது ஒன்றுமில்லை. சொன்னால் வேலை போகலாம், சொல்லாவிட்டாலும் போகலாம் என்ற நிர்ப்பந்தத்தில் ஒருவனை நிறுத்திவிட்டு, அவன் வாயில் வருவதை அவனுடைய குணம் என்று குறித்துக்கொள்வது எந்த விதமான அறிவு?

எதிர்த்தரப்பை ஒதுக்கிவிட முடியாது. குழந்தைகளிடம் முறைகேடாக நடந்து தண்டனை பெற்றவனைப் பள்ளிக்கூடத்தில் வைக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் பணம் புழங்கும் இடத்தில் வேலை பார்க்கிறவன்தான். கையாடலுக்குத் தண்டனை பெற்றவன் கையில் பெட்டிச் சாவியைக் கொடுக்கத் தயங்குகிறவரைக் கொடியவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே செயலுக்கும் வேலைக்கும் ஓர் உறவு இருக்கிறது. படிவம் அந்த உறவைக் கேட்பதில்லை. நீ யார் என்று கேட்கிறது.

பெயர்ச்சொல் காலம் காட்டாது, தொழிலை ஒட்டிப் பிறந்த பெயருக்கு மட்டும் அது உண்டு என்கிறது தொல்காப்பியம். திருடியவன் என்னும்போது இறந்தகாலம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அன்று திருடினான், இன்று என்ன செய்கிறான் என்று மேலே கேட்க வழி இருக்கிறது. திருடன் என்பதில் காலமே இல்லை. தூங்கும்போதும் அவன் திருடன். நன்னடத்தை விசாரணை என்று நாம் சொல்வது, பெரும்பாலும், முதல் சொல்லை இரண்டாவதாக மாற்றித் தரும் ஆபீஸ் வேலை.

இன்னும் ஒரு படி கீழே போகலாம். தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்கான பணி விதியில் 2003ல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவனும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவனும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவான். 2008ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு பெஞ்சும் இதற்கு உடன்பட்டது. கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. கோர்ட் வாசலைத் தாண்டியதும் அதே சந்தேகத்தின் பலன் ஆபீஸுக்கு.

இப்போது தனியார் கம்பெனிகளும், இதையே தொழிலாகச் செய்யும் ஏஜென்சிகளை வைத்து கோர்ட் ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் தேடுகின்றன. பெயர், தகப்பனார் பெயர், விலாசம் இவற்றைக் கொண்டு பொருத்தம் பார்க்கிறார்கள். குலசாமி பெயரும் தாத்தா பெயரும் மாறி மாறி வரும் நம் ஊர்களில், ஒரே தெருவில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலுமாக எத்தனை பேர்! நாவலிலும் இது நடக்கிறது. ஷான்மத்தியூ என்ற அப்பாவியை வல்ழான் என்றே சாட்சிகள் அடையாளம் காட்டுகிறார்கள். நிஜ வல்ழான் கோர்ட்டில் எழுந்து நின்று நான்தான் என்று சொன்னதால் அவன் பிழைத்தான். ஏஜென்சியின் அறிக்கைக்கு எதிரே அப்படி எழுந்து நிற்க யாரும் வரப்போவதில்லை.

வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பின் பிரதியிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி சென்னை உயர்நீதிமன்றத்தில் கேட்டார். 2021ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் டிவிஷன் பெஞ்ச் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. கோர்ட் நடவடிக்கை பகிரங்கமாக இருக்கவேண்டும் என்ற கொள்கை அற்பமானதல்ல. மூடிய கதவுக்குள் தீர்ப்பெழுதியவர்களைச் சரித்திரம் நிறையப் பார்த்திருக்கிறது. ஆனால் பகிரங்கமாக இருக்கவேண்டியது நீதிபதி செய்தது. விடுதலையானவனின் பெயர் அதற்கு எதற்கு?

பிரிட்டனில் 1974லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. தண்டனையின் அளவைப் பொறுத்து இத்தனை காலம் என்று உண்டு. அது கழிந்துவிட்டால் தண்டனை தீர்ந்துபோனதாகக் கணக்கு. அதன்பின் வேலைக்குப் போன இடத்தில் கேட்டால் இல்லை என்று சொல்லலாம். சட்டத்தின் பார்வையில் அது பொய் ஆகாது. குழந்தைகளோடு பழகும் வேலை போன்ற சிலவற்றுக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே சிறுவர்களுக்கு மட்டும், 2015ன் சிறார் நீதிச் சட்டத்தில் இதன் சாயல் இருக்கிறது. மற்றவர்களுக்கு மத்திய அரசு வேலையின் படிவம் ‘எப்போதாவது’ என்று ஆரம்பிக்கிறது. எப்போதாவது கைதானதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, அபராதம் கட்டியதுண்டா, தண்டனை பெற்றதுண்டா, பல்கலைக்கழகம் பரீட்சை எழுதவிடாமல் தடுத்ததுண்டா. எல்லாம் ஒரே எண்ணின் கீழ். ஆம் என்றால் முழு விவரம் தரவேண்டும். எத்தனை வருஷம் பின்னால் போவது என்று படிவம் சொல்வதில்லை.