பாதி நினைவு போதுமா?

ஸ்பெயின் என்றதும் தமிழகக் கத்தோலிக்கரின் நெஞ்சில் முதலில் எழுபவை புனிதர்களின் பெயர்களே. 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் இன்றைய ஸ்பெயினின் வடபுலமான நவார் பகுதியில் பிறந்தவர். இஞ்ஞாசியாரும் அவிலா தெரசம்மாளும் அம்மண் ஈன்ற மக்கள். விசுவாசத்தின் விளைநிலமாக நாம் எண்ணிப் பழகிய அந்நாட்டில், பாழடைந்த சிற்றூர் ஒன்று எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கேள்வியைத் தாங்கி நிற்கிறது. மன்னிக்க வேண்டுமானால் மறந்துதான் ஆகவேண்டுமா? மறக்கலாகாது என்றால், யாரை நினைவில் வைப்பது, யாரை விடுவது?

அவ்வூரின் பெயர் பெல்ச்சீத்தே. ஆரகோன் பகுதியின் தலைநகரான சரகோசாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மழை அருகிய வறண்ட சமவெளி. இடையிடையே ஒலிவத் தோப்புகள். அவற்றுக்கு அப்பால் மரமற்ற புல்வெளி. அருகிலுள்ள எல் பிளானெரோன் என்னும் காப்பிடத்தில் அரிய வானம்பாடி இனமொன்று இன்றும் பேணப்படுகிறது. பறவையின் குரலும் காற்றின் ஓசையுமன்றி வேறொன்றும் கேளாத அவ்வெளியில், கூரையிழந்த வீடுகளும் பிளந்த கோபுரங்களுமாக ஊர் நிற்கிறது.

அதன் ஆலயங்கள் இரண்டை மட்டும் நினைத்துப் பார்ப்போம். தூர்ஸ் நகர் புனித மார்ட்டினின் ஆலயத்திற்கு இன்று விதானம் இல்லை. பலிபீடம் இருந்த இடத்தின்மேல் வானமே கவிந்திருக்கிறது. அதன் செங்கற்கோபுரம் முதேஹர் என்னும் கட்டடக்கலை மரபைச் சார்ந்தது. கிறிஸ்தவ அரசர்களின் ஆட்சியில் வாழ்ந்த இஸ்லாமியக் கைவினைஞர்களின் திறனில் முளைத்த கலை அது. அவர்களின் வழித்தோன்றல்கள் 1610ஆம் ஆண்டு ஆரகோனிலிருந்து நாடு கடத்தப்பட்டார்கள். ஆலயம் இடியும் முன்பே, அதைக் கட்டிய கைகளை அந்த மண் வெளியேற்றிவிட்டது. புனித அகுஸ்தீனார் ஆலயக் கோபுரத்திலோ, வெடிக்காத பீரங்கிக் குண்டொன்று சுவரில் பதிந்தபடியே இருக்கிறது.

ஊர் அழிந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1936 ஜூலையில் குடியரசுக்கு எதிராகப் படைத்தலைவர்கள் கிளர்ந்தெழுந்தபோது பெல்ச்சீத்தே அவர்கள் கைக்குள் சென்றது. குடியரசின் ஆதரவாளர் எனக் கருதப்பட்ட ஊரார் பலர் அக்கோடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 1937 ஆகஸ்ட் 24 அன்று குடியரசுப் படை சரகோசாவை நோக்கித் தாக்குதலைத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து வந்த தன்னார்வப் போராளிகளும் அப்படையில் இருந்தனர். முற்றுகையிடப்பட்ட ஊரில், தெருத்தெருவாக, வீடுவீடாக, ஆலயம் ஆலயமாகப் போர் நடந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் ஊர் வீழ்ந்தது. முற்றுகை நாள்களில் இறந்தோரைக் கல்லறைத் தோட்டத்திற்குக் கொண்டுபோக வழியில்லை. ஆகவே ஒலிவ எண்ணெய் பிழிந்த செக்கடியே அவர்களுக்குப் புதைகுழியாயிற்று. 1938 மார்ச்சில் பிராங்கோவின் படை ஊரை மீட்டது. இரு தரப்பினரின் குண்டுகளும் விழுந்து முடிந்தபோது, எஞ்சியது இடிபாடே.

போருக்குப் பின் பிராங்கோ ஒரு முடிவெடுத்தார். பழைய ஊரை மீண்டும் கட்டவேண்டாம். எதிரிகளின் கொடுமைக்குச் சான்றாக அது அப்படியே கிடக்கட்டும். மக்களுக்குப் பக்கத்தில் புதிய ஊர் எழட்டும் என்றார். அப்புதிய ஊரைக் கட்டும் வேலையில் தோற்ற தரப்பின் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். 1954இல் புதிய ஊர் திறக்கப்பட்டது. எனினும் இடிபாடுகளுக்கிடையே குடியிருந்தோரில் கடைசிக் குடும்பங்கள் 1964இல்தான் வெளியேறின.

இங்கேதான் நம் கேள்வி கூர்மையடைகிறது. இடிந்த சுவர் பொய் சொல்லாது. ஆனால் அதைச் சுட்டிக்காட்டும் விரல் பொய் சொல்லக்கூடும். எண்ணெய்ச் செக்கடியில் புதைந்தோர் நினைவுகூரப்பட்டனர், நினைவுகூரப்பட வேண்டியவர்களே. 1936இன் கோடையில் சுடப்பட்டோரோ கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் பெயரின்றிக் கிடந்தனர். அவர்களின் எலும்புகளைத் தேடி முறையான அகழ்வு நடந்தது 2021இலும் அதற்குப் பின்னருமே. ஒரே ஊர், ஒரே ஞானஸ்நானத் தொட்டியில் நீராட்டப்பட்ட மக்கள். ஒரு பாதிக்கு நினைவுச் சின்னம், மறு பாதிக்கு மௌனம். உண்மையின் ஒரு பாதியை மட்டும் உயர்த்திப் பிடிக்கும்போது, அந்தப் பாதியும் உண்மையின் பணியை விட்டுப் பகைக்குப் பணிபுரியத் தொடங்கிவிடுகிறது.

கத்தோலிக்கராகிய நாம் இதனை அயலார் கதையாக வாசிக்க இயலாது. அப்போரில் திருச்சபை பட்ட காயம் கொடியது. குடியரசுப் பகுதியில் கொல்லப்பட்ட குருக்கள், துறவியர், அருள்சகோதரிகள் ஆகியோரின் எண்ணிக்கை 6,832 என, பின்னாளில் பேராயரான அந்தோனியோ மொந்தேரோ 1961இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் ஆயர்கள் 13 பேர். ஆலயங்கள் எரிக்கப்பட்டன. அவ்வாறு உயிர் கொடுத்தோருள் 498 பேருக்கு 2007இல் உரோமையிலும், 522 பேருக்கு 2013இல் தாராகோனாவிலும் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அவர்களின் இரத்தத்தைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி மறப்பதாகும்.

ஆயினும் அதே திருச்சபைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1937 ஜூலை 1ஆம் நாளிட்ட கூட்டுமடலில் ஸ்பெயின் ஆயர்கள் பெரும்பாலோர் கிளர்ந்தெழுந்த தரப்பின் நியாயத்தை உலகிற்கு எடுத்துரைத்தனர். தாராகோனாவின் கர்தினால் விதால் இ பாராக்கேரும், வித்தோரியாவின் ஆயர் மத்தேயோ மூகிக்காவும் அதில் கையொப்பமிடவில்லை. வென்ற தரப்பு நடத்திய கொலைகளுக்கு எதிராகத் திருச்சபையின் குரல் போதிய வலிமையுடன் எழவில்லை. அடிபட்டவர் அலறும்போது அடுத்தவரின் அலறல் காதில் விழாமற் போவது மனித இயல்பே. இயல்பு என்பதனாலேயே அது குற்றமற்றதாகிவிடுமா?

இக்கேள்வியை ஸ்பெயின் திருச்சபை தனக்குத்தானே கேட்டுக்கொண்ட நாளும் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்று ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1971 செப்டம்பரில், ஆயர்களும் குருக்களும் இணைந்த பேரவை மத்ரித் நகரில் கூடியது. பிராங்கோ அப்போதும் ஆட்சியில் இருந்தார். சகோதரப் போரினால் பிளவுண்ட மக்களிடையே தாங்கள் ஒப்புரவின் பணியாளர்களாக இருக்கத் தவறியதற்காக மன்னிப்புக் கேட்கும் ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். ஆனால் வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்கவில்லை, தீர்மானம் நிறைவேறவில்லை. அந்த வாக்கெடுப்பைத் தோல்வி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தம் உடன்குருக்களைப் பறிகொடுத்த தலைமுறையினர் அவ்வவையில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர், 'எங்களுக்கு இழைக்கப்பட்டது என்ன' என்பதோடு நிற்காமல், 'நாங்கள் செய்யத் தவறியது என்ன' என்றும் கேட்கத் துணிந்தனர்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. முதலாவது, மன்னிப்புக் கேட்பது மறைசாட்சிகளை இழிவுபடுத்தாதா என்பது. கொல்வோரை மன்னித்தவாறே உயிர்விடுவது ஸ்தேவான் முதல் மறைசாட்சியத்தின் மரபு. பகைவனை மன்னித்து மாண்டவரின் பெயரை, பகையை நீட்டிக்கும் கேடயமாக நாம் ஏந்துவதுதான் அவருக்கு இழிவு. அவரது பெருமையைக் காக்க அயலாரின் கல்லறை மூடிக் கிடக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பழைய புண்களை ஏன் கிளறவேண்டும், இறந்தோர் உறங்கட்டுமே என்பது. 1977ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டம் இந்த மனநிலையில்தான் பிறந்தது. அதனால் நன்மை விளையவில்லை என்று கூறமுடியாது. சிறைகள் திறந்தன, மற்றொரு போரின்றி மக்களாட்சி மலர்ந்தது. ஆனால் சட்டத்தின் மறதி வேறு, நெஞ்சின் மன்னிப்பு வேறு. தோபித்து நூலை நினைவுகூர்வோம். அரசன் கொன்று எறிந்த தன் இனத்தாரின் உடல்களை, தன் உயிருக்கு வந்த ஆபத்தையும் பொருட்படுத்தாது எடுத்து அடக்கம் செய்தார் தோபித்து. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என நம் ஞானோபதேசம் கற்பிக்கிறது. கொல்லப்பட்ட தந்தையின் எலும்பை முதிய மகள் ஒருத்தி தேடினால், அது பழிவாங்கல் ஆகாது. தோபித்து செய்த அதே பணியைத்தான் அவள் செய்கிறாள்.

மூன்றாவது எச்சரிக்கை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 2007இலும் 2022இலும் ஸ்பெயின் நாட்டில் நினைவு பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. மறைக்கப்பட்ட பாதியை வெளிக்கொணர்வது நீதி. அதுவே மறுபாதியை மறைக்கும் கருவியானால், பழைய பிழை புதிய ஆடையில் வரும். எரிக்கப்பட்ட ஆலயமும், சுவரோரம் சுடப்பட்ட உழவனும் ஒரே நினைவில் இடம்பெறும்வரை நினைவு முழுமை பெறாது.

அப்படியானால் நினைவு எவ்வாறு நஞ்சாகாமல் மருந்தாகும்? நமக்கு ஒப்புரவு அருட்சாதனம் ஒரு வழியைக் காட்டுகிறது. மனத்துயர், அறிக்கையிடுதல், பரிகாரம் என மூன்று படிகள் அதில் உண்டு. மறந்துவிடுதல் என்றொரு படி அதில் இல்லை. தன் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்ட பின்னரே மன்னிப்பின் சொல் கேட்கிறது. பிறர் பாவத்தைப் பட்டியலிடுவோருக்கு அங்கே இடமில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனித பேதுரு பேராலயத்தில் திருச்சபை மக்களின் கடந்தகாலப் பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டியபோது, இந்த ஒழுங்கையே உலகறியக் கடைப்பிடித்தார்.

'நான் செய்யாத பாவத்திற்கு நான் ஏன் வருந்த வேண்டும்?' என இளையோர் கேட்கலாம். எருசலேமின் மதில்கள் இடிந்து கிடப்பதைக் கேள்வியுற்ற நெகேமியா என்ன செய்தார்? அழுதார், நோன்பிருந்தார், தாமும் தம் தந்தை வீட்டாரும் செய்த பாவத்தை இறைவன்முன் அறிக்கையிட்டார். மதிலை இடித்த பகைவரைச் சபிப்பதில் அவர் தொடங்கவில்லை. பின்னர் இரவில் ஒரு சிலருடன் மட்டும் சென்று இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்தார். அதன் பிறகே கட்டும் பணிக்கு மக்களை அழைத்தார். முன்னோரின் குற்றம் நம் தலைமேல் விழுவதில்லை. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற காயத்தை ஆற்றும் கடமை நம் கைக்கு வந்து சேர்கிறது. மூதாதையரின் சொத்தை ஏற்பவர் அவர்களது கடனையும் ஏற்பதன்றோ முறை?

பெல்ச்சீத்தேயின் இடிபாடுகள் இன்று வேலியிடப்பட்டு, வழிகாட்டியுடன் சென்று காணும் இடமாக உள்ளன. திரைப்படங்களுக்கு அவை பின்புலமாகியுள்ளன. இரவில் ஆவிகளின் குரல் கேட்கும் என்று நம்பி வருவோரும் உண்டு. பிறர் துயரம் இவ்வாறு பொழுதுபோக்காவதும் ஒருவகை மறதியே. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள ஃபுவென்தெதோதோஸ் என்னும் சிற்றூரில் 1746இல் பிறந்தவர் ஓவியர் கோயா. நெப்போலியனின் படைகளோடு நடந்த போரைக் கண்ட அவர், 'போரின் பேரழிவுகள்' என்னும் செதுக்கோவிய வரிசையைப் படைத்தார். அவர் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பின், 1863இல்தான் அது வெளியானது. வெற்றிவீரர்களை அவர் அதில் பாடவில்லை. கொல்பவன் எந்நாட்டவனாயினும் கொடுமையைக் கொடுமையாகவே வரைந்தார். பசித்தவரையும் வீழ்ந்தவரையும் முன்னிறுத்தினார். நினைவுகூர்வோர் கற்கவேண்டிய பார்வை அது.

நவம்பர் 2 அன்று நாம் கல்லறைகளுக்குச் சென்று விளக்கேற்றி, இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மன்றாடுகிறோம். அம்மன்றாட்டில் வென்றவர், தோற்றவர் என்ற பிரிவு இல்லை. ஒன்பது நாள்கள் கழித்து, நவம்பர் 11 அன்று, புனித மார்ட்டினின் திருநாள் வருகிறது. குளிரில் நடுங்கிய ஏழைக்காகத் தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியை அளித்த போர்வீரர் அவர். பின்னர் படைக்கலத்தையே துறந்தவர். அவர் பெயர் தாங்கிய ஆலயம் கூரையின்றி நிற்கும் அவ்வூரில், நினைவு என்னும் ஆடையை ஒரு பாதியினர் முழுவதுமாகப் போர்த்திக்கொண்டு, மறு பாதியினரை நெடுங்காலம் குளிரில் விட்டனர். நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் ஊர்களிலும் பழைய பிணக்குகளின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, எதிர்த்தரப்பார் இழந்ததையும் சேர்த்துச் சொல்கிறோமா? நவம்பர் மாத மன்றாட்டில் நம்மைச் சேராதவரின் பெயர் ஒன்றையேனும் சேர்க்கிறோமா?